நடு ஓட்டைத் தண்ணீர்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் நின்ற பத்து நிமிஷத்தில் கண், காது, டிபன் பை எல்லாவற்றிலும் மண். மூன்று நாள் எழுமலைப் பக்கம் பள்ளிக்குப் போக வேண்டாம், திருநகரில் பயிற்சி. தினம் ரெண்டு பஸ் மாறிக் குலுங்கும் அலைச்சல் மிச்சம்.

செய்ய வேண்டியவை:
– எட்டாம் வகுப்பை மூன்று நாள் யார் பார்ப்பது? (கணக்கு டீச்சரிடம் சொல்லியாயிற்று. முறைத்தாள்.)
– பள்ளி மைக்ராஸ்கோப். லென்ஸில் பூஞ்சை பிடித்து ரெண்டு வருஷம். வெங்காயத் தோலை வைத்தால் பூஞ்சைதான் தெரிகிறது.
– பாண்டி சட்டைக்குப் பட்டன். (வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதற்கு இந்த நோட்டு ஒன்றுதான் இடம்.)

பயிற்சித் தலைப்பு: அறிவியல் வகுப்புக்கு ஏற்ற கற்றல் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி. கருத்தாளர் விக்னேஷ். சின்னப் பையன், சட்டைக் காலரில் மைக். முதல் ஸ்லைடிலேயே 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது'. அதன்பிறகு சாயங்காலம் வரை ஸ்லைடில்தான் சுரைக்காய்.

விஷயம் இதுதான். ஒரு கம்பெனி பள்ளிகளுக்கு அறிவியல் பெட்டி இலவசமாகத் தருகிறது. வீடியோ, சார்ட்டுகள், சாமான்கள், ரெண்டு மைக்ராஸ்கோப். (ரெண்டு! புதுசு!) நாங்கள் ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து அதற்கு மதிப்பெண் போட வேண்டும். தகவல் சரியா, பிள்ளைகளுக்குப் புரியுமா, கையாள எளிதா, பாதுகாப்பானதா, நீடித்து உழைக்குமா. குழுவுக்கு ஒரே படிவம், ஐந்து கையெழுத்து.

பெட்டி நடு மேஜையில் இருந்தது. ஒட்டிய டேப் பிரிக்காமல்.

"தொறந்து பாத்துரலாமா சார்?" என்றேன்.

"மாதிரிப் பெட்டி மேம். அடுத்த மையத்துக்கு அப்படியே போகணும். ஸ்லைடுல எல்லாமே இருக்கு."

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு காயைத் திருப்பிப் பார்ப்போம். இங்கே பிரிக்காத பெட்டிக்கு 'நீடித்து உழைக்குமா?' என்று ஒரு கட்டம்.

என் குழுவில் முருகேசன் சார். எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளி, தினமும் ஒரே பஸ். டீ வருவதற்குள் எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டுவிட்டார். "கையெழுத்த மட்டும் போடுங்க டீச்சர். மத்தத நான் பாத்துக்கிட்டேன்." நாளைக்குப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். சிரித்தார்.

மதியம் வீடியோ. எட்டாம் வகுப்பு, திரவ அழுத்தம். தரையில் ஒரு பாட்டில், மேலே நடுவே கீழே மூன்று ஓட்டை. கீழ் ஓட்டைத் தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டித் தூரமாய்ப் பாய்கிறது. 'ஆழம் அதிகமானால் அழுத்தம் அதிகம்.' எல்லோரும் தலையாட்டினோம். நானும். பதினோரு வருஷமாக இதைத்தானே சொல்கிறேன். எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் கடைச் சார்ட்டிலும் இதே படம்தான்.

வீட்டில் பாண்டியிடம் சொன்னேன். அவருக்குப் பைப் கடையில் வேலை, பாதி நாள் தண்ணீர் டேங்கோடு மல்லுக்கட்டுவார்.

"தரையில வச்ச டேங்குக்கு அடியில ஓட்ட விழுந்தா தண்ணி காலடியிலல்ல விழும்? எங்கிட்டுப் பாயும்?"

"அழுத்தம் கீழதான் அதிகம். உங்களுக்குத் தெரியாது," என்றேன். டீச்சர் குரலில்.

எழுந்து போனார். ரெண்டு லிட்டர் காலி பாட்டிலையும் சுட்ட கோணி ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

வெளியே காற்று, அதனால் பாத்ரூமில். பாட்டில் தரையில். அவர் மக்கில் ஊற்றிக்கொண்டே இருக்க, நான் குத்துக்காலிட்டுப் பார்த்தேன். கீழ் ஓட்டைத் தண்ணீர் வேகமாகத்தான் வந்தது. ஆனால் பாய இடம் ஏது? முக்கால் சாணுக்குள் தரை தட்டிவிட்டது. நடு ஓட்டைத் தண்ணீர் ஒரு சாணைத் தாண்டியது. மூன்று தடவை. மூன்று தடவையும் நடுதான். பாட்டிலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்த பிறகுதான் கீழ் ஓட்டை ஜெயித்தது.

சேலையெல்லாம் ஈரம். முதலில் சிரிப்பு. அப்புறம் பவித்ரா ஞாபகம். சிரிப்பு நின்றது.

நாலு வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்பு. இதே சோதனையை வராந்தாத் தரையில் செய்து காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் தள்ளி நிற்க, அவள் மட்டும் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் அளந்தாள். அப்புறம் கேட்டாள்: "டீச்சர், சார்ட்டுல இருக்கற மாதிரி வரையவா, பாத்த மாதிரி வரையவா?"

சார்ட்டைப் பார்த்து வரை என்றேன். அவள் பார்த்த மாதிரி வரைந்தாள். நான் பெருக்கல் குறி போட்டேன்.

அன்று நானும் அங்கேதான் நின்றேன். நான் பார்த்தது சார்ட்டை.

ஜூலை 22, செவ்வாய்

மழை வருவது போல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது. பையில் ஓட்டைப் பாட்டில். பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, "தண்ணி ஒழுகுது பாருத்தா" என்றாள். ஒழுகத்தான் கொண்டு போகிறேன் என்றேன். நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அரங்கத்துக்கு வெளியே குழாயடியில் என் குழுவுக்குச் செய்து காட்டினேன். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். "அட ஆமா" என்றார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் "சரி, கையெழுத்துப் போடுங்க" என்றார்கள்.

விக்னேஷைக் கூப்பிட்டேன். பார்த்தார். பையன் முட்டாள் இல்லை, அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"கான்செப்ட் கரெக்ட்தானே மேம்? வீடியோவுல கொஞ்சம் சிம்பிளா காட்டியிருக்காங்க."

"அழுத்தம் கீழதான் அதிகம், நான் இல்லங்கல. பாட்டில ஒரு ஸ்டூல் மேல வச்சு மறுபடி எடுக்கச் சொல்லுங்க. நானே அஞ்சுக்கு அஞ்சு போடுறேன்."

"நாளைக்குப் படிவம் போயாகணும் மேம். அஞ்சு கையெழுத்து இல்லன்னா உங்க குழுவுல இருக்கற அஞ்சு ஸ்கூலுமே லிஸ்ட்ல வராது."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மதியம் தயிர்சாதத்தைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் எச்.எம். போன். யார் சொன்னார்களோ.

"தனம், ரெண்டு மைக்ராஸ்கோப் வருது. நம்ம பிள்ளைக வெங்காயத் தோலு செல் ஒண்ணக் கண்ணால பாத்து எம்புட்டு நாளாச்சு? தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாப்பாங்களா?"

"பல்லப் பிடிச்சுப் பாக்கறதுக்குத்தான மேடம் மூணு நாள் பயிற்சி?"

போனை வைத்துவிட்டார். என் வாய்த்துடுக்கு. ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

மைக்ராஸ்கோப் வேண்டும். எனக்கு ரொம்பவே வேண்டும். இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு என்னை யாரும் தியாகி ஆக்கிவிடக் கூடாது.

ஜூலை 23, புதன்

வெயில். கழுத்து எரிகிறது.

முருகேசன் சார் எனக்கு முன்னாடியே வந்து வாசலில் நின்றார்.

"நேத்துச் சாயந்தரம் மொட்டமாடியில ஒரு வாளித் தண்ணிய வீணாக்குனேன் டீச்சர். நடுதான். என் வீட்டம்மா 'இம்புட்டு வயசுல தண்ணியில வெளாட்டா'ன்னு திட்டுது." சந்தோஷமாகச் சொன்னார். அப்புறம் குரலை இறக்கி, "இருந்தாலும் கையெழுத்தப் போட்ருங்க. பெட்டி வரட்டும். நம்ம ரெண்டு பேரும் ஸ்டூல் போட்டுக்கிருவோம்."

ரொம்ப நியாயமான பேச்சு.

"நம்ம ரெண்டு பேருக்குத் தெரியும் சார். பெட்டி போற மத்த ஸ்கூல்ல எவளாவது ஒருத்தி பாத்தத வரைஞ்சு வப்பா. அவளுக்குத் தப்புப் போடுவாங்க. அந்தத் தப்புக்குக் கீழ என் கையெழுத்து இருக்கும்."

"ஊரோட ஒத்துப் போகணும் டீச்சர்."

"ஊரு சரி. தண்ணி ஒத்துக்கல, சார்."

பதினோரு மணிக்குப் படிவம் வந்தது. எனக்காக நாலு பள்ளிப் பிள்ளைகள் நட்டப்படக் கூடாது. அதனால் விக்னேஷிடம் சொன்னேன்: குழுவிலிருந்து என் பெயரையும் என் பள்ளியையும் எடுத்துவிடுங்கள், நாலு பேர் படிவமாக அனுப்புங்கள், என் மதிப்பீட்டைத் தனித்தாளில் தருகிறேன்.

"அப்ப உங்க ஸ்கூலுக்குப் பெட்டி வராது மேம்."

"தெரியும்."

தனித்தாளில் எழுதியது: தகவல் சரியா – இந்த வீடியோ தவறு. காரணம், படம், மூன்று தடவை அளந்த அளவு. கையாள எளிதா, பாதுகாப்பானதா, நீடித்து உழைக்குமா – பெட்டியைத் திறக்கவில்லை, தெரியாது. கீழே முழுப் பெயர், பள்ளி. ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று விக்னேஷிடம் கையெழுத்து வாங்கினேன். போடுவதற்குக் கொஞ்சம் யோசித்தார். நான் நகரவில்லை. போட்டார்.

முருகேசன் சார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

கிளம்பும்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு டீச்சர், பெயர்கூடத் தெரியாது, ஓடி வந்து, "அந்த ஓட்டப் பாட்டிலத் தாங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். வீட்டில் பாட்டிலுக்கா பஞ்சம்.

ஜூலை 24, வியாழன்

பள்ளி. எச்.எம். என் வணக்கத்துக்கு வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலையசைத்தார். கணக்கு டீச்சர் மட்டும், "பெட்டிய நீதான் வேணாம்னியாமே?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்லவில்லை. சொல்லியே வாய் வலிக்கிறது.

சுவரிலிருந்து சார்ட்டைக் கழற்றினேன். பின்னால் பல்லி முட்டை.

எட்டாம் வகுப்பில் பவானி இருக்கிறாள், பவித்ராவின் தங்கை. அக்காவின் பழைய அறிவியல் நோட்டைப் பார்த்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்று ஊருக்கே தெரியும். அந்த நோட்டை நாளைக்குக் கொண்டு வா என்றேன். பிள்ளை பயந்துவிட்டது. "இனிமே பாத்து எழுத மாட்டேன் டீச்சர்." திட்ட இல்லடி, சும்மா பார்க்கத்தான் என்றேன். நம்பவில்லை.

ஜூலை 25, வெள்ளி

நோட்டு வந்தது. அட்டை கிழிந்து, அரிசிப்பை வைத்துத் தைத்திருக்கிறது.

படம் இருக்கிறது. அழகான படம். மூன்று ஓட்டை, நடுத் தண்ணீர் தூரமாக. பக்கத்தில் பென்சிலில் பொடியாக: மேல் 8 விரல், நடு 13 விரல், கீழ் 9 விரல். அதற்கு மேல் என் பெருக்கல் குறி. பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்தில்: 'படம் தவறு. சார்ட்டைப் பார்த்து வரையவும்.'

அளந்திருக்கிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அளந்து எழுதியிருக்கிறாள். நான் படிக்கக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அக்கா இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். பிளஸ் டூ, காமர்ஸ். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் யார், அவளுக்கு அது பிடித்திருக்கலாம். ஆனாலும் அந்த வார்த்தை பஸ்ஸில் உசிலம்பட்டி வரை கூடவே வந்தது.

பவானி முன்னாலேயே சிவப்புப் பேனாவை எடுத்து என் பெருக்கலை அடித்தேன். பக்கத்தில் பெரிய ரைட். கீழே: 'படம் சரி. தவறு டீச்சருடையது.' தேதி, கையெழுத்து. இந்த வாரம் மனசார நான் போட்ட கையெழுத்து இது.

பவானி வாயைத் திறந்தபடி நின்றாள். "அக்காட்ட காட்டவா டீச்சர்?"

"காட்டத்தான்டி."

ஜூலை 28, திங்கள்

காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் ஸ்கூல் குரூப்பில் பெட்டி வரும் பள்ளிகளின் பட்டியல். முருகேசன் சார் பள்ளி இருக்கிறது. எங்கள் பள்ளி இல்லை. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ரெண்டு தடவை மேலிருந்து கீழே தேடினேன்.

எச்.எம். அறைக்குக் கூப்பிட்டார். "இப்ப சந்தோஷமா?"

"இல்ல மேடம். வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மறுபடி கேட்டாலும் போட மாட்டேன்."

மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு பீரோ சாவியை மேஜையில் வைத்தார். "அந்தப் பழைய மைக்ராஸ்கோப்பயாவது எங்கிட்டாச்சும் கொண்டு போய்க் காட்டு." சமாதானமா, கோபமா, புரியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன். டவுனில் கேமரா லென்ஸ் சுத்தம் பண்ணும் ஆள் ஒருவரைப் பாண்டிக்குத் தெரியும். சனிக்கிழமை.

முருகேசன் சார் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பெட்டி வந்ததும் மைக்ராஸ்கோப்ப ஒரு வாரம் ஒங்க ஸ்கூலுக்குக் குடுத்து விடுறேன் டீச்சர்." சரி என்றேன். எதற்கு வீம்பு.

ஜூலை 29, செவ்வாய்

டிபன்: எலுமிச்சை சாதம். ஊறுகாயை வீட்டிலேயே மறந்தாயிற்று.

எட்டாம் வகுப்பு, திரவ அழுத்தம். புதுப் பாட்டில், புது ஓட்டை. ஸ்டூலும் தயார்.

ஆரம்பிப்பதற்குள் பவானி எழுந்து நின்றாள். முகம் உர்ரென்று.

"டீச்சர், அக்கா நோட்டப் பாத்துச்சு."

"என்ன சொன்னா?"

"'அன்னைக்கே சொன்னேன்ல'ன்னுச்சு. வேற ஒண்ணும் சொல்லல. நோட்ட அது பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருச்சு. கேட்டா தர மாட்டேங்குது டீச்சர். இனிமே நான் எதப் பாத்து எழுதுறது?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கண் கரித்தது.

வாளியை அவள் கையில் கொடுத்தேன். "போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா."