வெல்லாவெளியில் ஏது கடல்

கோகிலா,

இணைய ஏலத்தில் நீ எடுத்த வேனை நேரில் பார்க்க வெல்லாவெளிக்குப் போகிறேன். பத்து மணிச் சுபநேரம் தவறினாலும் பரவாயில்லை, நான் பேசும்வரை முற்பணம் அனுப்பாதே.

வேன் வெல்லாவெளியில் தன் வீட்டு வாசலில் நிற்பதாக விற்பவர் சொல்கிறார். அவர் அனுப்பிய படத்திலோ பின்னால் அலையடிக்கும் கடல் தெரிகிறது. அங்கே சுற்றிவர வயல்தானே?

முந்தாநாள் நீ படத்தைக் காட்டியபோதே கவனித்தேன். "வாயத் திறந்து நல்லா இருக்கெண்டாவது சொல்லுங்களன்" என்று நீ கேட்டபோதும் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. உன் சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. அது என் பிழை.

மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

தயாபரன்

விற்பவர் அழைத்தால், வேனுக்குப் பக்கத்தில் நின்று வீடியோவில் பேசச் சொல்.

வேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்று வந்து வாயாலேயே சொல்கிறேன்.