ஏறாதவளும் இறங்காதவனும்

மார்ச் 3
பாப்பாவுக்கு இருமல் குறையவில்லை. எட்டு மாதக் குழந்தை. மூச்சை எண்ணி எண்ணியே பகல் போய்விட்டது.

கொழும்பில் வேலை பார்க்கும் ஜெரோஷன் போனில் ஒரு பழைய சினிமா அனுப்பியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன், படிக்கிற காலத்தில் சேர்ந்து பார்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம். கூடவே ஒரு வரி: "வெள்ளவத்தையில ரூம் கெடச்சிருச்சு, சாவியும் வாங்கிட்டேன். பாப்பாவ தூக்கிட்டு வந்துரு."

வந்துரு. எவ்வளவு லேசாக எழுதிவிட்டார்.

மார்ச் 5
மாமிக்கு இந்த மாதத்தோடு கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து ஓய்வு. அதன்பிறகு வீட்டில் ஒருவராவது தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாவிட்டால், நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவை ஒப்படைக்க வேண்டுமாம். கணக்கப்பிள்ளை மறுபடியும் சொல்லிவிட்டார். மாமியையும் கொழும்புக்குக் கூப்பிட்டேன்.

"ஒன் மாமனார இங்க பொதச்சிட்டு நான் எங்க புள்ள வர்றது?" என்றார்கள்.

அப்படியானால் நான்தான் கொழுந்துக் கூடை தூக்க வேண்டும். பீ.ஏ. படித்தது இதற்கா? — ச்சே. முப்பத்தெட்டு வருஷம் அவங்க தூக்கலையா. என்ன நெனப்பு இது.

மார்ச் 6
தூக்கமில்லை.

மார்ச் 9
மத்தியானம் மாமியோடு படத்தைப் பார்த்தேன். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்காக அவள் ரயில் ஏறாமல் நின்றுவிடுகிறாள். அவன் ஜன்னலில் கண்ணீர் விட, ரயில் போகிறது. அன்று இந்த இடத்தில் விக்கி விக்கி அழுதேன். இன்றும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

மாமி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். "அவ ஏறலன்னா இவன் எறங்க வேண்டியதுதானே. கால்ல ஆணியா அடிச்சிருக்கு?"

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 10
மாமி சொன்னதை ஜெரோஷனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அப்ப நான் வந்து கவ்வாத்துக் கத்தி புடிக்கவா?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டார்.

மார்ச் 14
நான்கு நாளாகப் பேச்சில்லை. மாமி சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ? நாளைக் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் என் பேரைக் கொடுத்துவிடுகிறேன். வேலை முடியும்வரை பாப்பாவைப் பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகளோடு விட வேண்டும். அங்கே இருமினால் யார் பார்ப்பார்கள்?

மார்ச் 15
பெரட்டு வரிசையில் எனக்கு நான்கு பேர் முன்னால், தோளில் பையோடு ஜெரோஷன். இரவு ரயிலில் வந்தவர் வீட்டுக்குக்கூட வரவில்லை.

"நீ போ. பாப்பா முழிச்சிரும்" என்றார்.

மார்ச் 22
கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டி வெட்டி அவர் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மாமி எண்ணெய் தடவுகிறார்கள். சொன்ன அளவு வெட்டி முடியாததால் இன்றும் அரை நாள் சம்பளம்தான் போட்டார்களாம்.

வெள்ளவத்தை ரூம் சாவியை அதன் சொந்தக்காரருக்கே தபாலில் அனுப்பிவிடச் சொன்னார். உறையில் விலாசம் எழுதி, சாவியையும் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒட்டவில்லை.