பின்சீட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பா இருக்கிறார்.

லீவுக்கு வருவதாகவும், ஹோட்டலில் தங்கப்போவதாகவும், நான் மட்டும் அங்கே வந்து உங்களைப் பார்த்தால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அவர் கண்ணில் படட்டும் என்றுதான் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். பட்டது. மறுநாள் காலையில் ஷெட்டுக்குப் போய் அந்தப் பழைய காரின் சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கேட்டால், இந்த மாதிரி வண்டி இப்போது யாரிடமும் கிடையாதாம், உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கப்போகிறாராம். மனிதர்களிடம் காட்டாத அக்கறையை இரும்பிடம் காட்டுவது அவருக்குப் புதிதா என்ன?

சீட்டுத் தைக்கிற டெய்லர் ஒருவர் வந்தார். பொறுமைசாலி. புது ஸ்பிரிங் போட்டதும், ஓட்டுகிறவர் ஒரு தடவை உட்கார்ந்து காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஸ்பாஞ்சு வைக்க முடியும் என்றார். உன் அப்பாவுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் ஆகுமா? "எத்தனை வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்று டெய்லரை விரட்டிவிட்டார். பழைய ஸ்பிரிங் தளரத் தளர அதன்மேல் திணித்துக்கொண்டே வந்த ஸ்பாஞ்சை அளந்து, புது ஸ்பிரிங்கின் மேலும் அதே கனத்துக்கு வைத்து, தானே ஊசியும் நூலுமாகத் தைத்து முடித்தார் நம் மேதாவி.

ஏறி உட்கார்ந்தார். தலை கூரையில் முட்டியது. புதிதாக ஒட்டிய வெள்ளைத் துணியில் எண்ணெய்த் தலையின் அச்சு வட்டமாக விழுந்தது. இத்தனை காலம் யாரிடமும் வளையாத கழுத்து, தான் தைத்த சீட்டில் தானே உட்கார்ந்து கோணிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சீட்டு இப்படித்தான் இருக்க வேண்டும், வண்டியின் கூரைதான் தாழ்வு என்றார்.

ஆனால் மறுநாள், விரட்டிய டெய்லரை அவரே தேடிப்போய்க் கூட்டிவந்தார். யாரையாவது திரும்பக் கூப்பிட்ட மனிதரா அவர்? டெய்லர் முன்சீட்டைப் பிரிக்கப் போனார். அது கிடக்கட்டும், பின்சீட்டை முதலில் பாருங்கள் என்றார் இவர். வீட்டில் இருப்பது நாம் இரண்டு பேர், பின்னால் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்து, அந்த வயசுப் பையன் எவ்வளவு உயரம் இருப்பான் என்றார். உங்கள் மகளைக் கேளுங்கள் என்றேன். கேட்டுவிடுவாரா!

நேற்று ஒரு தலையணையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, புது பெல்ட்டை மாட்டி, தெருவெல்லாம் ஓட்டித் திடீர் திடீரென்று பிரேக் போட்டுப் பார்த்தார், கழுத்தைச் சாய்த்தபடியே. தெருவே வேடிக்கை பார்த்தது. தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டைச் சரிசெய்ய இனி நேரமில்லையாம்.

உன் கல்யாணத்தன்று நீ பெட்டியோடு வாசலில் நின்றபோது அவர் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை, வரமாட்டேன் என்று சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாமல், "சீட்டு கிழிஞ்சிருக்கு, வண்டி வராது" என்றார். நீ வாடகைக் காரில் போனாய். ஒரு கிழிசலைத் தைக்க இந்த மனிதருக்கு இத்தனை வருஷம்! அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை. அவரை மன்னித்துவிடு என்று நான் எழுதமாட்டேன். அவர் வாயால் கேட்க வேண்டியதை நான் ஏன் கேட்க வேண்டும்?

இதை எழுத உட்கார்ந்ததும் பின்னால் வந்து நின்றார். ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு எழுதச் சொன்னார். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்றேன். கதவு வரைக்கும் போனவர் திரும்பி, "சீட்டு தச்சாச்சுன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். ஹோட்டலில் தங்குவதும் வீட்டில் தங்குவதும் உன் இஷ்டம். ஸ்டேஷனிலிருந்து மட்டும் அந்த வண்டியில் வா, கண்ணு. பேரனைப் பின்சீட்டில் உட்காரவை. முன்னால் கழுத்தைக் கோணிக்கொண்டு ஒருவர் ஓட்டுவார். பார்த்துச் சிரித்துவிடாதே. அவரைப் பார்த்துச் சிரிக்க நான் ஒருத்தி போதும்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா