கடல் அசையாத மாதம்

தாமல்
12.6.2024

பெரியநாயகிக்கு,

நான் சுகம். ஏரியில்தான் தண்ணீர் இல்லை.

இதை நானே எழுதுகிறேன். சாயங்கால வகுப்பில் துர்கா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். உன் பேருக்கு ஆறு எழுத்து, ஒரு புள்ளிகூட இல்லை. என் பேரில் இரண்டு. பக்கத்தில் உட்காரும் ராஜவேலு, "இன்னாபா, அறுபத்தெட்டு வயசுல லவ் லெட்டரா எழுதிக்கினு கீற?" என்றான். ஆமாம் என்றேன்.

போனில் நீ "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு உடனே மகளிடம் கொடுத்துவிடுகிறாய். பேத்தி பிறந்தபோது போனவள், நாலு வருஷம் ஆகிறது. நான் அங்கே வந்து உன்னோடு கடலைப் பார்க்கிறேனே. ஆவணியில் வரட்டுமா?

ராமலிங்கம்


அந்தமான்
3.7.2024

சுகாசினி அப்பாவுக்கு வணக்கம்.

எழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கிறது. ஆவணி வேண்டாம். வைகாசியில் பிடித்த மழை ஐப்பசி வரை விடாது. கடல் கொந்தளிக்கும், படகை நிறுத்திவிடுவார்கள். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

பெரியநாயகி


தாமல்
28.10.2024

பெரியநாயகிக்கு,

ஏரி பாதி நிரம்பிவிட்டது. நாற்று நட்டாயிற்று. உன் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். மூன்று நாள் ஆனது, அதனால் மூன்று நாளும் நீ பேசின மாதிரி இருந்தது. ஐப்பசிக்கு அப்புறம் எந்த மாதம் தோது?

ராமலிங்கம்


அந்தமான்
20.11.2024

சுகாசினி அப்பாவுக்கு வணக்கம்.

கார்த்திகையில் புயல் பயம். மார்கழியிலிருந்து மாசி வரை சுற்றுலாக்காரர்கள் கூட்டம், மாப்பிள்ளை முன் அறையை அவர்களுக்கு விட்டுவிடுவார். பங்குனி, சித்திரையில் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். பார்த்துச் சொல்கிறேன்.

பெரியநாயகி


தாமல்
15.12.2024

பெரியநாயகிக்கு,

நேற்று நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் பென்சிலால் எழுதினேன். டீச்சர் மெச்சிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, நீ வேண்டாம் என்ற மாதங்களை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. எழுத்து தெரியாதவனாகவே இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் சந்தோஷமாகக் காத்திருப்பேன்.

மகாபலிபுரம் கூட்டிப்போகச் சொல்லி எத்தனை வருஷம் கேட்டாய். "ஏரி இருக்குது இல்ல? அதுவும் தண்ணிதான், போய்ப் பாரு" என்றேன். களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நீ குனிந்து நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்தாய்.

வர வேண்டாம் என்றால் அதையே எழுது. இப்போது என்னால் படிக்க முடியும். அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன்.

ராமலிங்கம்


அந்தமான்
9.1.2025

சுகாசினி அப்பாவுக்கு,

மழை, புயல் என்று எழுதியது எல்லாம் நிஜம்தான். ஆனால் மழை இல்லாவிட்டாலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். அவ்வளவு அலுத்துப் போய்த்தான் அங்கிருந்து வந்தேன். திரும்பி ஊருக்கு வர மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாசியில் கடல் நம் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். உங்களுக்கு அது அறுப்பு மாதம். நெல்லை யாரிடமாவது விட்டுவிட்டு வர முடிந்தால் வாருங்கள். பத்து நாள். முன் அறையைக் கேட்டு வைக்கிறேன். டீ நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மாசி மேல் இருந்த கோட்டை மட்டும் அழித்திருக்கிறேன். ரொம்ப அழுத்தி அடித்திருந்தீர்கள், அந்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

பெரியநாயகி