சேமித்து வைத்த ஆறு பதிவுகள்

ஜூன் 3

தையற்கார அம்மாவுக்கு,

குழந்தைகள் காப்பகத்து ஆயா எழுதுகிறேன். நம் குழந்தை வளர்ப்புத் தொலைநிலைப் படிப்பின் புத்தகத்தோடு வந்த பட்டியலில் உங்கள் விலாசம் இருந்தது.

நாம் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அதற்குத்தான் வலைப்பூ, வாரம் ஒரு பதிவு எழுதி, மற்றவர் பதிவுக்குக் கருத்துச் சொன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றார் ஆசிரியை. நானும் ஐந்து வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஓர் ஆள் திரும்பிப் பார்க்கவில்லை.

அழுகிற பிள்ளையை முதல் நாள் தாயிடமிருந்து எப்படி வாங்குவது என்று முதல் வாரம் எழுதினேன். முப்பத்தோரு வருஷமாக வாங்குகிற கை இது. ஒரு கருத்தும் இல்லை. அதே வாரம் நம்மோடு படிக்கிற மூக்குக்கண்ணாடிக்காரர் வெறும் சோப்புப் படம் போட்டார். ஒன்பது பேர் 'அருமை' என்றீர்கள். ஒன்பதில் நீங்கள் நாலாவது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சொல்லலாமே? சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் காப்பகத்தில் இடமில்லை என்கிறார் மேலாளர். இருந்தாலும் படிப்பை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆயா

ஜூன் 8

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்துத் திகைத்துப் போனேன். உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் பாதியிலேயே போய்விட்டதாக நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். எழுதி முடித்ததும் 'வெளியிடு' என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினீர்களா? ஆறு பதிவு இருந்தால்தான் தேர்வுக்கு விடுவார்கள். பன்னிரண்டாம் தேதி கடைசி. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அன்புடன்,
தையற்காரி

ஜூன் 13

தையற்கார அம்மாவுக்கு,

மருமகளிடம் போனைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அத்தை, இதெல்லாம் யாருக்குமே போகலையே! உள்ளேயே எழுதி வச்சிருக்கீங்க."

"'சேமி'ன்னு போட்டிருந்துச்சுடி. சேமிச்சேன். சேமிக்கிறது ஒரு குத்தமா?"

நேற்று ஆறையும் வெளியிட்டேன். இன்று காலைக்குள் ஏழு பேர் எழுதிவிட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளையை வாங்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டுமா, கூடாதா என்று கேட்கிறார் மூக்குக்கண்ணாடிக்காரர். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

ஆனால் ஏழு பேரில் நீங்கள் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால், ஆத்திரத்தில் எழுதினது அந்த ஆறாவது. தூங்க வைப்பது பற்றிய உங்கள் நாலாம் வாரப் பதிவு புத்தகத்தின் ஐம்பத்தெட்டாம் பக்கம், இரண்டாம் பத்தி. 'குழந்தை'யை எடுத்துவிட்டு 'மழலை' போட்டிருக்கிறீர்கள். அதை அப்படியே எழுதி, 'தையற்காரி அடுத்தவர் சட்டைக்குப் பொத்தான் மட்டும் மாற்றித் தன்னுடையது என்கிறாள்' என்றும் சேர்த்துவிட்டேன்.

மறந்துபோய் வெளியிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு எதுவும் மறக்காது. வேறு எழுத நேரமில்லை, ஐந்து இருந்தால் தேர்வு கிடையாது. வழி சொன்னவரையே காட்டிக் கொடுத்துவிட்டு எனக்கு வழி பண்ணிக்கொண்டேன். எழுதினது பொய்யில்லை. ஆனாலும் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆயா

ஜூன் 28

பெரியம்மாவுக்கு,

மூன்று நாள் தையல் மெஷினைத் தொடவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். பிறகு ஐம்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான்.

எனக்குப் பிள்ளை இல்லை. கடை மாடியில் ஒரு சின்னக் காப்பகம் வைக்க வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை. "பெத்து வளர்க்காதவளுக்கு என்ன தெரியும்?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று புத்தகத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் எழுதியதை ஆசிரியையும் பார்த்துவிட்டார்; அந்தப் பதிவுக்குப் பதிலாக இந்த மாதத்துக்குள் சொந்தமாக ஒன்று எழுதித் தந்தால் போதும் என்கிறார். இன்னும் இரண்டு நாள்தான். எழுத என்னிடம் என்ன இருக்கிறது? விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

தையற்காரி

ஜூன் 29

தையற்கார அம்மாவுக்கு,

தபாலில் போட்டால் உங்களுக்கு நாளைக்குத்தான் கிடைக்கும் என்பதால் மருமகளை உட்கார வைத்து இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். இது எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தால் அது அவள் குற்றம்.

விட்டுவிடுகிறவர் தபால்தலை வாங்கி ஒட்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். நானும் அப்படி ஒட்டினவள்தான்.

ஒன்று கேட்கிறேன். அளவெடுக்க வரும் பிள்ளை கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்குமே, அந்தக் கையை எப்படி விரிக்க வைக்கிறீர்கள்? நான் இத்தனை வருஷமும் இழுத்துத்தான் சட்டை மாட்டுகிறேன். எனக்குத் தெரியாது. அதை எழுதுங்கள்.

ஆயா

ஜூலை 9

மகளே,

டேப்பைப் பிள்ளை கையில் கொடுத்து, "முதல்ல நீ எனக்கு அளவெடு" என்று நீங்கள் குனிந்து நிற்பதாக எழுதியிருந்ததைப் படித்தேன். திங்கட்கிழமை ஒரு ரோஷக்காரப் பயலிடம் என் சால்வையைக் கொடுத்து, "ஆயாவுக்குப் போட்டு விடு" என்றேன். போட்டுவிட்டு, சட்டை மாட்டத் தானே இரண்டு கையையும் நீட்டினான். இத்தனை வருஷம் எத்தனை கையை இழுத்திருப்பேன்!

இதையே உங்கள் பதிவுக்கு அடியில் எல்லோருக்கும் தெரிய எழுதியிருக்கிறேன். திட்டினதையும் அப்படித்தானே எழுதினேன்.

பதினைந்து நாள் பதில் போடாமல் என்னைத் தவிக்க விட்டீர்கள். அதை மன்னிக்கவில்லை, நேரில் பேசிக்கொள்வோம். தேர்வு நாளன்று சீக்கிரமே வந்து கேட் பக்கம் நிற்பேன். முகம் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். முன்பின் தெரியாத ஆட்களிடம் யாரைப் பற்றியாவது குறை சொல்லிக்கொண்டு ஒருத்தி நிற்பாள். நேராக வந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரியம்மா