கழற்றி எடுத்த பற்றரி

மச்சான்,

நேற்று உன் மகளின் கைப்பையிலிருந்து நாலு சார்ஜர் மேசையில் விழுந்தன. கனடாவிலிருந்து வந்தவள், ஒரு கிழமையாக என் வீட்டில்தான் நிற்கிறாள். "என்ன பிள்ளை, கரண்ட் சபையையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"போன்ல சார்ஜ் பாதிக்குக் கீழ இறங்கினா எனக்கு நெஞ்சு படபடக்கும், மாமா. நித்திரையும் இல்லை. அங்க டொக்டர் குளிசை தந்திருக்கிறார்." வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு முதல் நாள் நான் போனைச் சார்ஜ் போட மறந்தபடியாத்தானே அப்பா செத்தவர்."

கையிலிருந்த தேத்தண்ணியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக உன் பிள்ளை இதையா சுமந்துகொண்டு திரிந்தாள்?

உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன், கேள். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நாட்டில் சண்டை திரும்ப மூண்ட காலம். உன் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர் வேலை, வீட்டில் ஒரே மகள், சேர்ட் பொக்கற்றில் ஒரு போன். உன் உலகம் அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் இருந்த வழக்கம்தான் உங்கள் இருவருக்கும். போய்ச் சேர்ந்தால் ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிட வேண்டும், மற்றவர் எடுக்கக் கூடாது, காசு போகும். அவள் ரியூசனுக்குப் போய் இறங்கினால் ஒரு ரிங், வகுப்பு முடிந்து வெளிக்கிட்டால் ஒரு ரிங். அந்த இரண்டு ரிங்குக்கும் நடுவில் நீ மனுசனாய் இருந்ததில்லை. சோற்றில் கை வைத்தபடி இடக்கையால் பொக்கற்றைத் தடவுவாய். கிணற்றடியில் சவர்க்காரத்தோடு நின்று, "ரிங் கேட்டதடா" என்று ஓடி வருவாய். போன் செத்தது மாதிரிக் கிடக்கும். "உனக்கு விசர்" என்று நான் ஏசுவேன்.

மாலையில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாய். உன் போனைச் சார்ஜில் போடுவது. மறந்துவிடுவாய் என்று உன்னை நீயே நம்பாத காலம் அது.

பிறஷர் கூடி, ஒரு கிழமை லீவில் நின்றாயே, அப்போது டொக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். "அந்தப் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. நித்திரை இல்லாட்டி இந்தப் பிறஷர் இறங்காது," என்றார் அவர். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அந்தாளுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லைப் போல."

நான் உன் வீட்டு ஒழுங்கை முகப்பில் மருந்துக் கடையில் நின்றவன். பத்து வருஷம் குளிசை எண்ணிக் கொடுத்ததில் நானும் அரை டொக்டர் என்ற நினைப்பு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருவனே போதுமாயிருந்தது.

அந்த லீவில் ஒரு நாள் மத்தியானம் கடை பூட்டி உன் வீட்டுக்கு வந்தேன். அவள் போய்ச் சேர்ந்த ரிங் வந்தது. நீ ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினாய். மூன்று நாளைக்குப் பிறகு வந்த நித்திரை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த ரிங் ஐந்து மணிக்குத்தான், அதுவரை உன்னை எந்தச் சத்தமும் எழுப்பக் கூடாது என்று எனக்குப் பட்டது. உன் பொக்கற்றிலிருந்து போனை எடுத்தேன். பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை எடுத்து என் பொக்கற்றில் போட்டுக்கொண்டேன். போனைத் திரும்ப உன் நெஞ்சிலேயே வைத்தேன். இடையில் விழித்துத் தடவினால் கையில் தட்டுப்படட்டும், ஆறுதலாய் இருக்கும் என்றுதான். நாலரைக்கு வந்து பற்றரியைப் போடுவதாக எண்ணம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கடைக்குப் போனேன்.

மூன்றரை இருக்கும், சந்தைப் பக்கம் குண்டு வெடித்தது. கடையின் போத்தல்கள் எல்லாம் ஆடின. அவளுடைய ரியூசன் சந்தைக்குப் பின்னால்தான். உனக்கும் அது தெரியும், எனக்கும் அது தெரியும்.

நான் கடையை விட்டுப் பாய்ந்தபோது நீ வெறுங்காலோடு ஒழுங்கையில் ஓடி வந்தாய். போனை அழுத்தி அழுத்திக் கத்தினாய்: "வேலை செய்யுதில்லையடா! பிள்ளைக்கு எடுக்க ஏலாது!" நான் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். "நில் மச்சான், நில்!" என்று நான் வாய் திறக்க முதல் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய். பத்து அடிகூட இராது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதிலோடு சரிந்தாய்.

ஓட்டோவில் உன் தலை என் மடியில். பற்றரியைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. போன் வெளிச்சம் வந்த கையோடு ஒரு ரிங் அடித்து நின்றது. திரும்ப ஒரு ரிங். திரும்ப ஒரு ரிங். 'நான் இருக்கிறன் அப்பா, நான் இருக்கிறன்' என்று அந்த ரிங்குகளால் பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாள். நீ போய்விட்டாய். குண்டு வெடித்தால் சில வேளை அரசாங்கம் போன் லைனையே வெட்டிவிடும். அன்று வெட்டவில்லை. வெட்டியிருந்தால் எனக்கு ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும்.

செத்த வீட்டில் அவள் என் கையைப் பிடித்து, "அப்பாவின்ர போன் ஏன் மாமா ஓஃபில இருந்தது?" என்று கேட்டாள். ஊரே சுற்றி நின்றது. "சார்ஜ் முடிஞ்சிட்டுது போல, பிள்ளை. நான் என்ர பற்றரியைப் போட்ட பிறகுதான் வேலை செய்தது," என்றேன். வாயில் வந்த முதல் பொய். சார்ஜ் போடுவது யாருடைய வேலை என்று அந்த நேரம் எனக்கு நினைவே வரவில்லை. ஐயோ, அது எங்கே போய்க் குத்தும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு மாதத்தில் உன் தங்கை அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கண் வெட்டாமல் கேட்டாள். கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள் என்று பயந்தேன். அவள் மெதுவாகக் கேட்டது இதைத்தான்:

"அப்ப நான் சார்ஜ் போட்டனான், என்ன மாமா?"

"ஓம் பிள்ளை. நீ போட்டனீ. பற்றரி நிறைஞ்சிருந்தது."

"போட்டனான் எண்டுதான் எனக்கும் ஞாபகம். நீங்கள் அப்பிடிச் சொன்ன பிறகு, நான்தான் மறந்திருப்பன் எண்டு நினைச்சிட்டன்."

பிறகுதான் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாசம் மாசம் எனக்குப் போன் எடுப்பீங்களே, மாமா. சாப்பிட்டியா, அங்க குளிரா எண்டு கேப்பீங்களே. ஒரு தரம்கூட இதைச் சொல்ல ஏலாமப் போச்சா?"

இன்று காலையிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. அதனால் உன்னோடு கதைக்கிறேன்.

அன்றைக்கு உன்னைக் கொன்றது நானா, குண்டா, உன் பிறஷரா, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதற்கு நீ என்னை மன்னிக்கக்கூடும். உன் குணம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையை இத்தனை வருஷம் தகப்பனைக் கொன்றவளாக வைத்திருந்தவன் நான்தான், மச்சான். அதை மட்டும் நீ மன்னிக்காதே.