தூணுக்குச் சுற்றிய துணி

ஐப்பசி 9, சனி

பல்கலைக்கழகத்தில் என் பேத்தி மாலினி கான்கிரீட் தூணுக்கு நார்த்துணி சுற்றி, எவ்வளவு தாங்கும் என்று நசுக்கிப் பார்க்கிறாள். எங்கள் வம்சத்தில் யார் இவ்வளவு படித்தது? இன்று அழுதுகொண்டே வந்தாள்.

"பாரம் ஏறித் தூண் வீங்குற வரைக்கும் துணி சும்மாதான் இருக்கும் பாட்டி. வீங்கினாத்தான் இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும்னு நான் கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு தப்பு. மறுபடி முதல்லேருந்து செய்யணும் லா."

"துணி கிழிஞ்சிருச்சா?"

"இல்ல, நான் சொன்னதைவிட அதிகமாத் தாங்கிருச்சு."

"அலமாக்! அதுக்கா அழுவுற?"

சிரித்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பனைப் பெற்று நான் துவண்டு கிடந்தபோது, வயிற்றில் பழைய புடவையைச் சுற்றி இறுக்கிக் கட்டியவர் என் மாமியார். அதுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். விடியும்வரை முடிச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் அப்படிப் பிடிப்பார் என்று நானும் கணக்குப் போட்டிருக்கவில்லை.